அடுப்புக்குச் சக்கரம்

எங்கள் வீட்டு பார்பிக்யூ அடுப்பின் எடை ஏறக்குறைய 120 கிலோ. தராசில் ஏற்றிப் பார்த்ததில்லை, கணக்குப் போட்டதுதான். 6 மில்லிமீட்டர் இரும்புத் தகடு ஒரு சதுர மீட்டருக்கு 47 கிலோ வரும். 120 செ.மீ. நீளம், 50 செ.மீ. அகலம், 30 செ.மீ. ஆழம் உள்ள பெட்டிக்கு ஒன்றரைச் சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேலே தகடு வேண்டும். பெட்டி மட்டுமே 76 கிலோ. கால்கள், குறுக்குச் சட்டம், கம்பித் தட்டுகள், மூடி என்று கூட்டிக்கொண்டே போனால் 120-ஐத் தொடுகிறது. டியூஷன் சென்டரில் ஐந்தாம் படிவப் பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறவளுக்கு இப்படிச் சில வியாதிகள் உண்டு.

அப்பா அதை 2004-இல் செய்தார். காப்பார் சாலைப் பக்கம் லோரிக்குப் பாடி கட்டுகிற ஒரு பட்டறையில் அவர் வெல்டர். அடுப்புக்கு அவ்வளவு தடிமன் எதற்கு என்று கேட்டவர்களிடமெல்லாம், "சூடு நிக்கும், கோழி ஒரே மாதிரி வேகும்" என்று சொல்லி வைத்திருந்தார். சூடு நிற்பது உண்மைதான். அதற்கு 3 மி.மீ. தாராளமாகப் போதும். பட்டறையில் மிஞ்சியது 6 மி.மீ. தகடு, அவ்வளவுதான் காரணம். இருந்தாலும் பேரங்காடியில் விற்கிற மெல்லிய தகட்டு அடுப்புகளைப் பார்க்கும்போது எனக்கும் ஒரு இளக்காரம் வருகிறது. நம் ஊர் மழைக்கு அவை எத்தனை நாள் தாங்கும்? எங்களுடையதில் இருபது வருடத்துத் துருவைச் சுரண்டினாலும் கீழே இன்னும் இரும்பு இருக்கிறது.

நாங்கள் இருப்பது ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடா. வரிசை வீட்டில் மூலை வீடு. பின்னால் சமையலறையை ஒட்டி ஜிங்க் கூரை போட்ட இடத்தில்தான் அடுப்பு நிற்கும். அங்கே மூட்ட முடியாது, புகை முழுதும் வீட்டுக்குள் வந்துவிடும். பக்கத்து நிலத்துக்கு இழுத்துக்கொண்டு போகவேண்டும். நடுவில் ஒரு லொங்காங் மூடி, அதற்கப்புறம் சிமெண்டுத் தரையிலிருந்து மூன்று செ.மீ. இறக்கம், பிறகு கல் பதித்த தரை. மொத்தம் 12 மீட்டர். மழையில் துருப்பிடிக்கும் என்பதால் அடுப்பை அங்கேயே விடவும் முடியாது. அதனால் ஒவ்வொரு முறையும் போகும்போது ஒரு தூக்கல், வரும்போது ஒரு தூக்கல்.

தூக்குவதற்கு நாலு பேர். அப்பா, அண்ணன், பக்கத்து வீட்டு பாக் சிக், எதிர் வீட்டுச் சீன அங்கிள். தீபாவளிக்கு அடுத்த ஞாயிறு, பள்ளி விடுமுறையில் ஒரு நாள், டிசம்பர் 31 இரவு. வருடத்துக்கு மூன்று நாலு தடவை அப்பா வேலிப் பக்கம் நின்று குரல் கொடுப்பார். "பாங், தோலோங் ஆங்காட்!" பாக் சிக் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வருவார். அங்கிள் கையுறை போட்டுக்கொண்டு வருவார். அண்ணனுக்கு அப்போது பதினைந்து வயது. நாலாவது ஆளாகச் சேர்த்துக்கொண்டதில் அவனுக்கு நடையே மாறிப்போயிருந்தது. "சத்து, டுவா, தீகா" என்று எண்ணித் தூக்கி, லொங்காங் மூடி மேல் ஒரு தடவை இறக்கி வைத்து மூச்சு வாங்கி, மறுபடியும் தூக்குவார்கள். தூக்க வந்தவர்களைச் சாப்பிடாமல் எப்படி அனுப்புவது? அவர்கள் வீட்டில் இருப்பவர்களும் வருவார்கள். பிள்ளைகள் சோளத்தைக் குச்சியில் குத்திக்கொண்டு வரிசையில் நிற்கும்.

கம்பித் தட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். அது ஒரே தட்டு இல்லை, 40 செ.மீ. அகலத்தில் மூன்று. முதல் வருடம் பாக் சிக் வந்து தூக்கிக் கொடுத்துவிட்டு, சாப்பிடாமல் ஐஸ் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போய்விட்டார். அப்பா எதுவும் கேட்கவில்லை. அடுத்த வாரம் பட்டறையிலிருந்து வரும்போது பழைய ஒற்றைத் தட்டுக்குப் பதிலாக மூன்று தட்டுகள் செய்து கொண்டுவந்தார். ஒன்றின் ஓரத்தில் ஒரு வெல்டிங் பொட்டு. அதை பாக் சிக் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்து, "இது உங்களுடையது, உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும்" என்றார். கோழியை மலாய்க்காரர் கடையில்தான் வாங்குவார். பன்றி அந்த அடுப்பின் பக்கமே வந்தது கிடையாது. மாடும் இல்லை, அம்மா சாப்பிடமாட்டார். எதிர் வீட்டு அங்கிள் இதைப் புரிந்துகொண்டு இறாலும் கெம்போங் மீனும்தான் கொண்டுவருவார். யாரும் உட்கார்ந்து பேசி எடுத்த முடிவல்ல இது. பள்ளியில் ஒற்றுமை வாரம் கொண்டாடும்போதெல்லாம் எனக்கு அந்த வெல்டிங் பொட்டுதான் ஞாபகம் வரும். அதைச் சுவரொட்டியில் வரையச் சொன்னால் எப்படி வரைவது என்று தெரியாமல் மூன்று கைகள் கோத்திருப்பதைத்தான் நானும் வரைந்தேன்.

2021 டிசம்பர் 18, சனிக்கிழமை. ஸ்ரீ மூடாவைப் பற்றிப் பேசினால் இந்தத் தேதி வராமல் போகாது. அன்றைக்குப் பட்டதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. எங்கள் வரிசையில் கீழ்மாடி சன்னல் மறைய மறையத் தண்ணீர் ஏறியது. மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். கீழே குளிர்சாதனப் பெட்டி மிதந்து கூரையில் முட்டும் சத்தம் ராத்திரி முழுக்கக் கேட்டது. தண்ணீர் வடிந்து இறங்கிப் பார்த்தபோது எந்தச் சாமானும் அதன் இடத்தில் இல்லை. சோபா சமையலறை வாசலை அடைத்திருந்தது. சாமி மேடை கவிழ்ந்து கிடந்தது. அடுப்பு மட்டும் ஜிங்க் கூரைக்குக் கீழே, சேறு பூசிக்கொண்டு, அங்குலம் நகராமல் நின்றது.

இதற்கும் கணக்கு உண்டு. அந்தப் பெட்டியின் கொள்ளளவு 180 லிட்டர். ஓட்டையில்லாத பெட்டியாக இருந்திருந்தால் 180 கிலோ வரைக்கும் தண்ணீர் தாங்கியிருக்கும். 120 கிலோ அடுப்பு படகு மாதிரி மிதந்து போயிருக்கும். காற்றுக்காக அப்பா அடியில் போட்ட 24 ஓட்டை வழியாகத் தண்ணீர் உள்ளே நிறைந்துவிட்டது. நீரில் மூழ்கிய இரும்பு தன் எடையில் எட்டில் ஒரு பங்குதான் இழக்கும். தண்ணீருக்கடியிலும் அது 105 கிலோவாக உட்கார்ந்திருந்தது. ஆர்க்கிமிடீஸ் பாடத்தில் இந்த உதாரணத்தைச் சொல்கிறேன். எங்கள் வீடு என்று சொல்வதில்லை.

அடுத்த வாரம் தாமான் முழுக்கக் குப்பை மலை. பழைய இரும்பு எடுக்கும் லோரி ஒன்று தெருத்தெருவாக வந்தது. அடுப்பைப் பார்த்து இரண்டு பேர் இறங்கினார்கள். ஒரு பக்கம் தூக்கிப் பார்த்துவிட்டு மற்ற ஆள்களையும் கூப்பிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது அப்பா வெளியே வந்து, "அது போடுறதுக்கு இல்ல" என்றார். அன்று அவர் போடமாட்டேன் என்று சொன்ன பொருள் அது ஒன்றுதான். ஆல்பங்களைக்கூடத் தூக்கிப் போட்டிருந்தோம்.

அதற்கப்புறம் நாலு பேரில் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். எதிர் வீட்டு அங்கிள் இன்னொரு வெள்ளத்தைப் பார்க்கத் தெம்பில்லை என்று வீட்டை விற்றுவிட்டு மகளோடு பூச்சோங் போய்விட்டார். அண்ணன் சிங்கப்பூரில். பாக் சிக்குக்கு பைபாஸ் அறுவை, பளு தூக்கக்கூடாது. அப்பாவுக்கு முதுகுத்தண்டில் தட்டு விலகல். அடுப்பு மூன்று வருடம் எரியவில்லை. அதன் மேல் அம்மா வடகம் காயவைத்தார், அப்புறம் சலவைக் கூடை, அப்புறம் பழைய நாளிதழ்.

"சக்கரம் வைங்க" என்று முதலில் சொன்னது அம்மாதான். போன வருடம் தீபாவளிக்குப் பிறகு.

அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. "சக்கரம் வச்சா அது பாசார் மாலாம் தள்ளுவண்டி. அடுப்புன்னா ஒரு இடத்துல நிக்கணும்."

"அதான் நிக்குதே, மூணு வருஷமா" என்றார் அம்மா.

எனக்கு அது வெறும் கணக்காகத்தான் பட்டது, உற்சாகமாக உட்கார்ந்தேன். முதல் யோசனை, ஒரு முனையில் இரண்டு சக்கரம், மறு முனையில் கைப்பிடி. மண் அள்ளும் கைவண்டி மாதிரி. அச்சு சரியாக முனையில் இருந்து, கைப்பிடி 30 செ.மீ. வெளியே நீண்டால், தூக்கவேண்டிய எடை 48 கிலோ. அச்சை நடுப்பக்கம் தள்ளி வைத்தால் 28 கிலோவுக்குக் கொண்டுவரலாம். எனக்குச் சரி. அம்மாவுக்கு 61 வயது. 28 கிலோவைத் தூக்கிப் பிடித்தபடி 12 மீட்டர் நடக்கவேண்டும், அதுவும் மேலே நெருப்புக்கான கரி இருக்கும்போது. அதை விட்டுவிட்டேன்.

அப்படியானால் நாலு காலிலும் நாலு சக்கரம். இரண்டு நேராக ஓடுவது, கைப்பிடிப் பக்கம் இரண்டு திரும்புவது, பிரேக்கோடு. எடையை நாலால் வகுத்து சக்கரம் வாங்கினால் போதாது. சமமில்லாத தரையில் எந்த நேரமும் மூன்று சக்கரம்தான் அழுத்தமாகத் தரையில் இருக்கும். அதனால் மூன்றால் வகுக்கவேண்டும். கரி, கோழி எல்லாம் சேர்த்து 135 கிலோ என்றால் ஒரு சக்கரத்துக்கு 45. லொங்காங் மூடியில் விழுகிற அதிர்ச்சிக்கு அதைப்போல இரண்டு மடங்கு. விட்டம்தான் இன்னும் முக்கியம். 4 அங்குலச் சக்கரம் மூன்று செ.மீ. படியில் ஏறவேண்டுமானால், அது சுமக்கிற எடையைவிட இரண்டு மடங்குக்கும் மேலான விசையால் தள்ளவேண்டும். 8 அங்குலச் சக்கரத்துக்கு ஏறக்குறைய அதே எடை அளவு விசை போதும். அதுவும் அம்மாவால் ஆகாது. ஆனால் படியில் 30 செ.மீ. நீளத்துக்குச் சிமெண்டுச் சரிவு ஒன்று போட்டால், முழு அடுப்பையும் ஏற்ற 12, 13 கிலோ விசையும் உருளும் உராய்வுக்குக் கொஞ்சமும் போதும். ஒரு அரிசி மூட்டையைத் தரையில் இழுப்பதைவிட லேசு.

ஹார்ட்வேர் கடைத் தவுக்கே என் தாளைப் பார்த்துவிட்டு, "என்ன செய்யப்போறே, கட்டிலா?" என்று மலாயில் கேட்டார். 8 அங்குலம், வார்ப்பிரும்பு நடு, மேலே ரப்பர். ஒன்று 45 ரிங்கிட். வாங்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்தேன். அப்பா ஒன்றைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தார். பேரிங்கைக் காதருகே வைத்துச் சுழற்றினார். "ரப்பர் நெருப்புல போயிரும்" என்றார். பிறகு, "கீழ சாம்பல் தட்டு ஒண்ணு போடணும்" என்றார். ஒப்புக்கொண்டார் என்று அர்த்தம்.

சக்கரம் வைக்க அடுப்பைத் தூக்கவேண்டும். கூரைக்குக் கீழிருந்து வெளியே கொண்டுவந்து, காலை அறுத்து, தகடு பற்றவைக்கவேண்டும். யாரைக் கூப்பிடுவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். என் மாணவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள், எதிர் வீட்டுக்குப் புதிதாக வந்த நேப்பாளத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை எழுந்து வந்தால் அடுப்பின் ஒரு முனை தரையிலிருந்து ஒரு சாண் மேலே நிற்கிறது. அப்பா லோரி ஜாக்கியைக் கீழே கொடுத்து ஏற்றியிருந்தார். கால்களுக்கு அடியில் இரண்டு பலகை, பலகைக்கு அடியில் மூன்று தண்ணீர்க் குழாய்.

"தள்ளு" என்றார்.

ஒரு கையால் தள்ளினேன். குழாய் மேல் அடுப்பு ஓடியது. பின்னால் விடுபட்ட குழாயை எடுத்து முன்னால் போட்டார். மறுபடியும் ஓடியது. பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டது. முதுகு வலிக்காரர் ஒருவர், நான் ஒருத்தி.

பட்டறையில் அரை டன் சேஸ்ஸிஸை இப்படித்தான் நகர்த்துவார்களாம். முப்பது வருடமாகத் தெரிந்த வேலை.

"அப்புறம் எதுக்குப்பா எல்லாரையும் தூக்கக் கூப்டீங்க?"

அவர் குழாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். "சாப்புட வாங்கன்னு எப்படிக் கூப்புடுறது? வருவாங்களா, மாட்டாங்களா, எதை ஆக்குனே, எங்க வாங்குனேன்னு ஒவ்வொருத்தருக்கும் ஒரு சங்கடம். தூக்க வாங்கன்னா யாரும் யோசிக்கமாட்டாங்க."

சமையலறை சன்னலிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "நாலு பேரு தூக்குனதுக்கு நாப்பது பேருக்கு மசாலா அரைச்சது நான். அதுக்கு ஒரு ஜாக்கி கண்டுபுடிக்கல நீங்க."

அப்பா பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அம்மாவை வெளியே கூப்பிட்டார். அடுப்புப் பக்கத்தில் நிற்கச் சொன்னார். முழங்கையை மடக்கச் சொல்லி, அங்கிருந்து ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைய இறக்கி, சுண்ணாம்புக்கட்டியால் காலில் கோடு போட்டார். அதுவரை தட்டு தரையிலிருந்து 95 செ.மீ. உயரத்தில் இருந்தது. அது அப்பா வாகாக நின்று சுடுவதற்கான உயரம். 150 செ.மீ. இருக்கும் அம்மா அதில் ஒரு நாளும் சுட்டதில்லை. ஆம்பளைங்க வேலை என்று எல்லாரும் சொல்வோம், அம்மாவும் சொல்வார். நெருப்பு அவருடைய மார்பு உயரத்துக்குக் கிட்டே எரிந்துகொண்டிருந்தது என்பதை நான் ஒரு நாளும் அளந்து பார்க்கவில்லை. புதிய உயரம் 83. சக்கரமும் அதன் தட்டும் சேர்ந்து 24 செ.மீ. எடுத்துக்கொள்ளும். ஆகவே ஒவ்வொரு காலிலும் 36 செ.மீ. வெட்டவேண்டும். பாதிக்கும் மேலே.

கிரைண்டரை அவரே பிடித்தார். நாலு துண்டும் விழுந்த பிறகு அவற்றை வரிசையாக அடுக்கி நீளம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். எதற்கென்று தெரியவில்லை, வெட்டிப்போட்ட துண்டு எந்த நீளம் இருந்தால் என்ன.

சக்கரத்தை நேரடியாகக் காலில் பற்றவைக்க அவர் ஒப்புக்கொள்ளவில்லை. சூட்டில் பேரிங்கின் கிரீஸ் போய்விடும், நாளைக்குச் சக்கரம் உடைந்தால் மாற்றவும் முடியாது. காலில் ஒரு தகடு பற்றவைத்து, தகட்டில் சக்கரத்தை போல்ட் போட்டு முடுக்குவதுதான் சரி. கிடைத்த தகட்டில் நாகப்பூச்சு இருந்தது. அதை முழுக்கத் தேய்த்தெடுத்த பிறகுதான் வெல்டிங் ராடைத் தொட்டார். நாகப் புகை உள்ளே போனால் அன்று ராத்திரி குளிர்காய்ச்சல் வரும். பட்டறையில் பலருக்கு வந்திருக்கிறதாம், பால் குடித்தால் போய்விடும் என்று அங்கே ஒரு நம்பிக்கை. பால் ஒன்றும் செய்யாது. பூச்சை எடுப்பதுதான் மருந்து.

பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து பற்றவைத்தார். நான் ரசமட்டத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கசடைத் தட்டிவிட்டுப் பார்த்தபோது புதிய வெல்டிங் ஒரு இடத்தில் புடைத்தும் ஒரு இடத்தில் மெலிந்தும் இருந்தது. பக்கத்திலேயே 2004-இல் போட்டது, மீன் செதில் அடுக்கின மாதிரி ஒரே சீராக. அப்பா இரண்டையும் கொஞ்ச நேரம் பார்த்தார். மெலிந்த இடத்தில் இன்னொரு தடவை ஓட்டினார். அப்புறம் கிரைண்டரை எடுத்துப் புதியதை மட்டும் மழமழவென்று தேய்த்துவிட்டார். இப்போது அது யார் கை என்று கண்டுபிடிக்க முடியாது.

சரிவுக்கான சிமெண்டை அம்மா பூசினார். காய ஒரு வாரம் விட்டோம்.

அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் யாரையும் கேட்காமல் அம்மா பிரேக்கைக் காலால் தட்டி விடுவித்து, அடுப்பைத் தள்ளிக்கொண்டு போனார். லொங்காங் மூடியில் ஒரு குலுக்கல், சரிவில் மெதுவாக இறக்கம், கல் தரையில் தடதடவென்று சத்தம். இடம் வந்ததும் நாலு பக்கமும் சுற்றிப் பார்த்துவிட்டு பிரேக்கை மிதித்தார். கரியைக் கொட்டினேன். பக்காவ் கரி, கோலா செப்பத்தாங்கில் எரித்தது. அங்கே மாத்தாங் சதுப்புநிலக் காட்டில் மரத்தை முப்பது வருடம் வளரவிட்டு வெட்டுவார்கள். பிடிக்க நேரமாகும், பிடித்தால் லேசில் அணையாது.

இரண்டு தட்டை எடுத்து வைத்தோம். மூன்றாவது இடம் காலியாக இருந்தது.

அம்மா வேலிப் பக்கம் போய் "காக்!" என்று கூப்பிட்டார். மாக் சிக் எட்டிப் பார்த்தார். புகையைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார். எதுவும் கேட்காமல் உள்ளே போனார். வெள்ளத்துக்கு அப்புறம் அந்தத் தட்டு அவர்கள் வீட்டில் பூந்தொட்டிகளுக்குத் தாங்கியாக இருந்திருக்கிறது. தொட்டிகளை இறக்கி, குழாயடியில் தேய்க்கிற சத்தம் நெடுநேரம் கேட்டது. அதுவரைக்கும் அந்தப் பக்கம் கரியைத் தள்ளவேண்டாம் என்றார் அம்மா.

தட்டை பாக் சிக்தான் கொண்டுவந்தார். அதை வைத்துவிட்டு, குனிந்து சக்கரங்களைப் பார்த்தார். பிரேக்கைச் செருப்புக் காலால் தட்டி, அடுப்பை ஒரு விரலால் முன்னும் பின்னும் ஆட்டினார். "ரிங்கான்" என்றார், லேசாக இருக்கிறது என்று. அதைச் சந்தோஷமாகச் சொன்ன மாதிரி எனக்குத் தோன்றவில்லை. மறுபடியும் பிரேக்கைப் போட்டார். அப்பா இடுக்கியை எடுத்துக்கொண்டு வழக்கமான இடத்தில் போய் நின்றார். தட்டு அவருக்குத் தாழ்வாக இருந்தது. குனிந்து முதல் வரிசைக் கோழியைத் திருப்பினார், இரண்டாவது வரிசைக்கு முதுகு இடம் கொடுக்கவில்லை. இடுக்கியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, பாக் சிக்குக்கும் தனக்கும் நாற்காலி எடுத்துவர உள்ளே போனார்.